அச்சுப் பக்கத்தில் விதியும் மதியும்

அறிவியற் செய்திகளை மக்களிடம் கொண்டு செல்லும் வெளியீடுகளில் எழுத்தின் தோற்றம் வெறும் அழகைப் பற்றியதன்று. அது பொருளைப் பற்றியதுமாகும். இதற்கு உயிர் உரம் பற்றிய சிறு வெளியீடு ஒன்றே போதிய சான்று. தூள் வடிவிலுள்ள ரைசோபியம் உரத்தில் கிராம் ஒன்றுக்கு 5 × 10⁷ உயிரணுக்களேனும் இருத்தல் வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணை கூறும் தரம். கையெழுத்துப் படியிலிருந்து கணிப்பொறிக்கும், அங்கிருந்து அச்சுப் பக்கத்திற்கும் செல்லும் வழியில், மேலே நிற்க வேண்டிய ஏழு கீழிறங்கிப் பத்தோடு சேர்ந்து நின்றுவிடின், அவ்விடம் 5 × 107 என்றாகிவிடும். ஐந்து கோடி என்பது 535 ஆகச் சுருங்கிவிடும். மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கு எழுத்துப் பிழை ஒன்றும் தோன்றாது; ஒவ்வோர் இலக்கமும் சரியாகவே இருக்கும். பிழை தோற்றத்தில் மட்டுமே உள்ளது. ஆனால் அதனைப் படிக்கும் உழவருக்கும், வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியருக்கும் கிடைப்பது முற்றிலும் பொய்யான செய்தி.

இத்தகைய தோற்றப் பிழைகளை மனிதர் கண்ணை மட்டும் நம்பாது எந்திர விதிகளால் தடுக்க இயலும் என்பது இன்று பக்க அமைப்பில் ஈடுபட்டோர் பலரும் அறிந்ததே. எனினும் அவ்விதிகளை எழுதுவோர் யார், அவற்றுக்கு எவ்வளவு உரிமை தருவது என்பன இன்னும் போதுமான அளவு சிந்திக்கப்படவில்லை.

அச்சுக்கூடத்தின் பழைய முறை

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் இப்பணி இருவரிடையே பகிர்ந்து கொள்ளப்பட்டது. பதிப்பாசிரியர் கையெழுத்துப் படியில் ஒரு சொல்லின் கீழ் நேர்கோடு இட்டால் அது சாய்வெழுத்து. அலைக்கோடு இட்டால் தடித்த எழுத்து. கோடிட்டவர் பொருளை அறிந்தவர். கோத்தவர் எழுத்துப் பெட்டியை அறிந்தவர். எழுதப்படாத விதிகள் பலவும் அச்சுக்கோப்பவரின் கையிலேயே குடிகொண்டிருந்தன. புள்ளி பெற்ற மெய்யெழுத்தை வரியின் தொடக்கத்தில் வைத்தலாகாது; தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலுமாகப் பிரிதலாகாது; எண்ணையும் அதன் அளவையையும் பிரித்தலாகாது. இவற்றை அவர் எந்த நூலிலும் கற்றவரல்லர், பழக்கத்தால் அறிந்தவர்.

கணிப்பொறி வந்தபின் கோப்பவரும் பதிப்பாசிரியரும் பல அலுவலகங்களில் ஒருவரே ஆயினர். நூறு பக்கங்கள் கொண்ட கையேட்டில் ஒவ்வோர் அடுக்கெண்ணையும் ஒவ்வொரு தாவரப் பெயரையும் தேடித் தேடிச் சுட்டியால் தொட்டு உருமாற்றும் சுமை அவர் மீது விழுந்தது. களைத்த கண் ஐந்தைத் திருத்தி ஆறாவதை விட்டுவிடுவது இயல்பே. விதியின் துணை வேண்டப்படுவது இவ்விடத்திலேயாகும்.

வடிவ ஒப்பீடு என்பது

ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தேடாமல், அச்சொல் எத்தகைய அமைப்புடையது என்பதைக் குறிகளால் கூறித் தேடுவதே வடிவ ஒப்பீடு. ‘இலக்கம் ஒன்றோ பலவோ வந்து, அதன்பின் ஓர் இடைவெளி வந்து, அதன்பின் மி.லி. என்பது வரின்’ என்று கூறிவிட்டால், 5 மி.லி., 10 மி.லி., 250 மி.லி. ஆகிய யாவும் ஒரே வலையில் அகப்படும். அவ்வாறு அகப்பட்டவற்றின் இடைவெளி வரி முடிவில் உடையாதவாறு செய்க என்று ஆணையிடுவது அடுத்த படி.

இதன் கணித அடிப்படையை அமைத்தவர் அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிளீனி. நரம்பு வலைகளின் செயலை ஆராயும் பொருட்டு அவர் 1951ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரை 1956இல் அச்சாயிற்று. கென் தாம்சன் 1968இல் இதனைக் கணிப்பொறியில் எழுத்துகளைத் தேடும் முறையாக விளக்கினார்; 1973இல் யூனிக்ஸ் அமைப்பில் ‘கிரெப்’ என்னும் கட்டளை தோன்றியது. பக்க அமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைன் 2007இல் வெளிவந்த பதிப்பில் இம்முறையால் தேடி மாற்றும் வசதியையும், 2008இல் வெளிவந்த பதிப்பில் பத்திப் பாணியினுள்ளேயே இவ்விதிகளைப் பொதிந்து வைக்கும் வசதியையும் தந்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிது. தேடி மாற்றுவது ஒருமுறை செய்து முடியும் பணி. பாணியில் பொதிந்த விதியோ ஓயாது விழித்திருக்கும் காவலாள். பின்னர் ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்படினும், அதிலுள்ள ‘15 மி.லி.’ உடனே விதிக்கு உட்படும்.

விதி தவறும் இடம்

அடுக்கெண்ணை மேலேற்றும் விதியை எண்ணிப் பார்த்தால் இக்காவலாளின் குறையும் விளங்கும். திரவ உயிர் உரத்தில் மில்லிலிட்டர் ஒன்றுக்கு 1 × 10⁸ உயிரணுக்கள் வேண்டும். ‘பத்தின் பின் வரும் இலக்கத்தை மேலேற்றுக’ என்று ஒருவர் விதி எழுதுவாராயின், அடுத்த பக்கத்தில் ‘பாம்பு தீண்டினால் 108 எண்ணுக்கு அழைக்கவும்’ என்றிருப்பதும் 10⁸ ஆகிவிடும். உயிர் காக்கும் எண் அடுக்கெண்ணாய் மாறி நிற்கும்.

இப்பிழையைக் கண்டபின் அவர் விதியைச் செம்மைப்படுத்துவார்: ‘பெருக்கற்குறி முன்னே நிற்கும் பத்தினையடுத்து வரும் இலக்கத்தை மட்டும் மேலேற்றுக.’ 108 இப்பொழுது தப்பிவிடும். ஆனால் ‘100 கிராம் பொட்டலம் மூன்று’ என்பதனைச் சுருக்கி ‘3 × 100 கிராம்’ என்று ஒருவர் எழுதியிருப்பின், அது 3 × 10⁰ ஆகிவிடும். அதாவது முந்நூறு மூன்றாகிவிடும். இதற்கும் ஒரு விலக்கு எழுதலாம். அவ்விலக்கிற்கும் விலக்கு தோன்றும். குறிகளின் வடிவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும்போது, வடிவத்தை மட்டும் காணும் விதி பொருளை அறிந்து கொள்ளவே இயலாது. விதி எழுதுவோரின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. அம்முறையின் இயல்பே அதுவாகும்.

தாவரப் பெயர்களும் இவ்வாறே. இலத்தீன் எழுத்தில் அச்சிடும்போது பேரினப் பெயரின் முதலெழுத்துப் பெரியதாகவும், சிற்றினப் பெயர் சிறிய எழுத்திலும், இரண்டும் சாய்வாகவும் அமைதல் மரபு. ‘பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லும் அதனையடுத்துச் சிறிய எழுத்தில் தொடங்கும் சொல்லும் வரின் சாய்க்க’ என்று விதித்தால், மேற்கோளாக வரும் ஆங்கில வாக்கியம் ஒவ்வொன்றின் தொடக்கமும் சாய்ந்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோடு என்னுமிடத்தில் 1979இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தின் ஆய்வால் புகழ் பெற்றதும், அகத்தியமலைக் காணி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்ததுமான ஆரோக்கியப்பச்சையின் பெயர் இன்னும் நுட்பமானது. ‘ட்ரைகோபஸ் செய்லானிகஸ்’ என்பதன்பின் துணையினத்தைக் காட்டும் சுருக்கச் சொல்லும், அதன்பின் ‘ட்ராவன்கோரிகஸ்’ என்பதும் வரும். பெயர்கள் மூன்றும் சாய்தல் வேண்டும். இடையிலுள்ள சுருக்கச் சொல் நிமிர்ந்தே நிற்றல் வேண்டும். இதனைத் தாவரவியல் அறிந்தவர் கூறினாலன்றி, விதி எழுதுவோர் அறிவது எங்ஙனம்?

திருவனந்தபுரத்தின் அனுபவம்

இச்சிக்கலுக்கு விடை காண்பதில் திருவனந்தபுரத்தின் அனுபவம் பெரிதும் துணை செய்யும். உலகின் பல நாடுகளிலிருந்து வரும் கணிதம், இயற்பியல் ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் தொழில் அந்நகரில் 1990களில் வேரூன்றியது. அதற்குக் கருவியாய் அமைந்தது ‘டெக்’ என்னும் மென்பொருள். தம் நூலின் புதிய பதிப்பிற்கு வந்த மெய்ப்பின் தோற்றம் மனநிறைவு தராமையால், அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத் 1977இல் இதனை ஆக்கத் தொடங்கினார். இந்திய டெக் பயனாளர் குழு 1998இல் தோன்றியது. உலக டெக் பயனாளர் குழுவின் ஆண்டு மாநாடு 2002 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலேயே நடைபெற்றது. அந்நகரில் ரிவர் வேலி நிறுவனத்தைத் தோற்றுவித்த சி. வி. இராதாகிருஷ்ணன், எல்சவியர் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதுவோர் பயன்படுத்தும் பாணிக்கோப்பினை உருவாக்கியவர்.

டெக் முறையின் சாரம் பழைய அச்சுக்கூட முறையின் சாரமேயாகும். எழுதுவோர் தம் படியில் ‘இது தலைப்பு’, ‘இது மேற்கோள்’, ‘இது அடுக்கெண்’ என்று பொருளைக் குறித்துவிடுகின்றனர். கணிதப் பகுதியில் 10^7 என்று கூரைக்குறி இட்டால் ஏழு மேலேறும், இடாவிடின் ஏறாது. 108 என்பதும் 3 × 100 என்பதும் தம் நிலையிலேயே நிற்கும். இங்கு ஊகத்திற்கு இடமில்லை. அதே வேளையில், பொருளோடு தொடர்பற்ற பணிகளுக்கு டெக் வடிவ ஒப்பீட்டைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றது. வரி முடிவில் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்பதற்கு ஃபிராங்க் லியாங் என்பவர் 1983இல் வகுத்த முறை முழுவதும் வடிவ ஒப்பீடே. ஆங்கிலத்திற்கு அவர் தொகுத்த வடிவங்கள் 4,447. தமிழ், மலையாளம் முதலிய இந்திய மொழிகளுக்கு அத்தகைய வடிவங்களை வகுத்தளித்தவர் கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல். புள்ளி எழுத்தில் வரி தொடங்கலாகாது என்று அச்சுக்கோப்பவர் கையில் இருந்த வழக்கம் எழுதப்பட்ட விதியாவதற்கு இதுவே வழி.

ஆகவே பொருளால் தீர்வதை மனிதர் குறித்தல் வேண்டும். வடிவால் தீர்வதை எந்திரம் செய்தல் வேண்டும். இவ்வெல்லையைத் தெளிவாக வகுத்துக் கொண்டதே திருவனந்தபுரத்து அனுபவம் தரும் பாடம் எனலாம்.

எழுத்தின் உள்ளே இருப்பது

அந்நகரம் தரும் பாடம் இன்னும் ஒன்று உண்டு. விதி காண்பது தாளில் தோன்றும் எழுத்தையன்று. கணிப்பொறியினுள் இருக்கும் குறியெண்ணையே. தட்டச்சுக்கும் அச்சுக்கும் எளிதாக வேண்டிக் கேரள அரசு 1971இல் மலையாளக் கூட்டெழுத்துகளைக் குறைத்தது. பழைய எழுத்தை மீட்கும் நோக்குடன் 1999இல் ஆர். சித்ரஜகுமார், கே. எச். உசைன் முதலியோர் ‘ரசனா’ இயக்கத்தைத் தொடங்கினர். இன்று யூனிகோடு முறையில் எழுத்தின் குறியெண் ஒன்றாகவே இருக்க, ‘இன்ன எழுத்துகள் அடுத்தடுத்து வரின் இன்ன கூட்டெழுத்தைக் காட்டுக’ என்னும் விதி எழுத்துருவினுள்ளேயே அமைகின்றது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஜனயுகம் நாளிதழ், பழைய எழுத்துருக் குறிமுறையை விடுத்து, 2019இல் யூனிகோடுக்கும் ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற பக்க அமைப்பு மென்பொருளுக்கும் மாறியது.

தமிழில் இம்மாற்றம் இன்னும் முழுமை பெறவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த படிகள் பல அலுவலகங்களில் இன்றும் உள்ளன. அவற்றில் தாளில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பதோ இலத்தீன் எழுத்துகளின் குறியெண். ‘இலத்தீன் எழுத்துகளுக்கு வேறு எழுத்துரு தருக’ என்னும் மிகப் பொதுவான விதியை அத்தகைய படியின் மீது ஏவினால், கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய் மாறிவிடும்.

யூனிகோடிலும் கவனம் வேண்டும். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். தோற்றம் ஒன்றே, ஒன்றைத் தேடும் விதிக்கு மற்றொன்று அகப்படாமல் போகலாம். தமிழ் எண்ணாகிய ௧ என்பதும் ‘க’ என்னும் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் கணிப்பொறிக்கு வேறு வேறு. மேலும், பல மென்பொருள்களில் ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்னும் குறி ஒரு குறியெண்ணையே சுட்டும். தமிழில் ‘க’ ஒரு குறியெண், ‘மு’ இரண்டு. ஆதலால் ‘ஓர் எழுத்தும் புள்ளியும் வரின் அது தலைப்பெழுத்து, பெயரோடு சேர்த்து வைக்க’ என்னும் விதி, ‘க. அயோத்திதாசர்’ என்பதைக் காக்கும், ‘மு. வரதராசன்’ என்பதைக் கைவிடும். பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் விதி, ‘கு’ என்பதில் ககரத்தை மட்டும் பெரிதாக்கி உகரக் குறியை அனாதையாக்கவும் கூடும். தமிழ் எழுத்துக்கேற்ப விதியைத் திருத்திய பின்னும், ‘5 கி. மீ. தொலைவு’ என்பதிலுள்ள ‘கி.’ தலைப்பெழுத்தாய்த் தோன்றும். ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட விதிகளை அப்படியே எடுத்தாளுவோர் இவற்றை முதலில் உணர்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

இவற்றைக் கொண்டு நோக்குமிடத்து, எந்திர விதிகளை விலக்குவதும் தவறு. அவற்றிடம் பக்கத்தை முழுவதும் ஒப்படைப்பதும் தவறு. பயிற்சியுடையோர் மேற்கொள்ளத்தக்க முறைகள் சில உள்ளன.

முதலாவதாக, களப்பணியாளரும் ஆசிரியரும் தம் படிகளை யூனிகோடிலேயே எழுதுதல் வேண்டும். ஒரே அளவையை ஒரே வகையாகவே எழுதுதல் வேண்டும். ஒரு பக்கத்தில் ‘மி.லி.’, மறுபக்கத்தில் ‘மில்லி’, பிறிதோரிடத்தில் ‘மிலி’ என்று எழுதப்பட்ட படியில் எந்த விதியும் நிலைத்து இயங்காது. ஒழுங்கான படியே நல்ல விதிக்கு விளைநிலம்.

இரண்டாவதாக, பொருள் வேறுபாடு தரும் இடங்களை எழுதுவோரே குறித்துத் தருதல் வேண்டும். 10^7 என்று கூரைக்குறி இடுவதற்கு ஒரு நொடியும் ஆகாது. தாவரப் பெயரின் இருபுறமும் ஒரு குறி இடுவதும் அத்தகையதே. பின்னர் விதியானது அக்குறியைத் தேடி, எழுத்தை உருமாற்றி, குறியை நீக்கிவிடும். இங்கு விதி ஊகிப்பதில்லை. இட்ட ஆணையை நிறைவேற்றுகின்றது.

மூன்றாவதாக, விதி ஒவ்வொன்றும் எளிய தமிழில் எழுதப்பட்டு அலுவலகக் கோப்பில் இருத்தல் வேண்டும். குறிகளால் ஆன ஒரு வரியை, அதனை எழுதியவரே ஆறு திங்கள் கழித்துப் படித்தறிவது அரிது. அவர் மாற்றலாகிச் சென்றபின் வருபவருக்கு அது புதிராகவே இருக்கும்.

நான்காவதாக, விதிக்கு இரு பட்டியல்கள் வேண்டும்: அகப்பட வேண்டியவை ஒன்று, அகப்படக் கூடாதவை மற்றொன்று. 5 × 10^7 முதற்பட்டியலில் இருக்க, 108 என்னும் அவசர எண்ணும், 3 × 100 கிராமும், 107 ஆம் பக்கமும் இரண்டாம் பட்டியலில் இருத்தல் வேண்டும். விதியைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இரு பட்டியல்களையும் அதன் வழியே செலுத்திப் பார்த்தபின்னரே வெளியீட்டின் மீது ஏவுதல் முறையாகும். இரண்டாம் பட்டியலை ஆக்கத் தகுதியுடையோர் கணிப்பொறி வல்லுநரல்லர். துறை அறிந்த களப்பணியாளரே. முன்பு நேர்ந்த பிழைகள் அவர்கள் நினைவில் உள்ளன.

இவ்வளவு முறைகளுக்குச் சிறிய அலுவலகங்களில் நேரமேது என்று சிலர் வினவக் கூடும். நான்கு பக்கத் துண்டு வெளியீடு ஒருமுறை மட்டும் அச்சாவதாயின், விதி எழுதாமல் கையாலேயே திருத்திவிடுவது மேல் என்பது உண்மையே. ஆனால் திங்கள்தோறும் வரும் இதழிலும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கையேட்டிலும் ஒருமுறை எழுதிச் சோதித்த விதி பல ஆண்டுகள் பணி செய்யும். அதனால் மிஞ்சும் நேரம் மெய்ப்பை மும்முறை படிப்பதற்குப் பயன்படுதல் வேண்டும். விதி வந்துவிட்டமையால் மெய்ப்புத் திருத்துபவர் வேண்டா என்று முடிவு செய்வது, வேலி கட்டிவிட்டமையால் பயிரைப் பார்வையிட வேண்டா என்பது போலாகும்.

அச்சிட்ட எண்ணைக் கிராமத்து வாசகர் ஐயுறுவதில்லை. அரசு வெளியீட்டில் உள்ளது சரியாகவே இருக்கும் என நம்பி, அதன்படி உரத்தையும் மருந்தையும் அளக்கின்றார். அந்நம்பிக்கையைக் காக்கும் கடமை எந்திரத்தின் மீது சார்த்தத்தக்கதன்று. மேலேற வேண்டிய ஏழு எது என்பதைப் படியில் குறித்துத் தரும் பேனா, அதனை அறிந்தவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.